ஐஸ் கட்டிய ஏர்கோனும் சன்னாசியின் கயிறும்

புக்கிட் ரோத்தானில் சன்னாசி வீட்டு ஏர்கோனில் ஐஸ் கட்டியபோது தெருவே அதைத் தின்றது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தின்றது. காற்று வருகிற இடுக்கில் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்த ஐஸைச் சன்னாசியின் மனைவி இராஜம்மா கரண்டிக் காம்பால் சுரண்டி, கிளாசில் போட்டு, மேலே சிவப்பு சிராப் ஊற்றி, ஏர்கோன் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நீட்டினாள். துரை பங்களாவில் இருந்தபோதுகூட இந்த மெஷின் இவ்வளவு குளிர்ச்சி கொடுத்திருக்காது என்று ஊரே மெச்சியது. கட்டிலில் படுத்திருந்த சன்னாசிக்கு மட்டும் ஈரக்குலை நடுங்கியது.

அவர் நடுங்கியதற்குக் காரணம் இருந்தது. ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆலையில் இருபத்து நான்கு வருஷம் இஞ்சின் பார்த்தவர் அவர். விடியற்காலையில் காப்பி குடிப்பதற்கு முன்பே இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு எப்படி, உதறல் எப்படி, பெல்ட்டில் தீய்ந்த வாடை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை. ஒரு நாள் ரப்பர் பால் வந்து நிற்கும்போது இஞ்சினை நிறுத்திவிட்டார். சத்தம் சரியில்லை என்பதைத் தவிர அவரால் வேறு காரணம் சொல்ல முடியவில்லை. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வாய்க்கு வந்தபடி ஏசினான். பிரித்துப் பார்த்தால் உள்ளே பேரிங் இரண்டாகப் பிளந்திருந்தது. இன்னும் கால் மணி நேரம் ஓடியிருந்தால் உருளையில் கை வைத்திருந்த நான்கு பெண்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றிலிருந்து சன்னாசி நிறுத்து என்றால் துரைகூட ஏன் என்று கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக்கூடத்து ஏணி முறிந்து மல்லாக்க விழுந்தார். உயிர் தப்பியது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி என்பதே இல்லாமல் போய்விட்டது. ஒரு முறை எறும்பு கடித்துக் கால் விரல் புண்ணாகி, இராஜம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வேலை இல்லாதவனுக்குத் தோட்டத்து லயத்து வீட்டில் இடமில்லை. குடும்பம் புக்கிட் ரோத்தானில் பாதி கல்லும் பாதி பலகையுமான ஒரு சின்ன வீட்டுக்கு வந்தது. தகரக் கூரை. மத்தியானத்தில் அந்த அறை அடுப்பாகக் காயும். வியர்வையில் முதுகு முழுக்கப் படுக்கைப் புண். சன்னாசியைக் குளிர்ச்சியாக வைத்திருக்காவிட்டால் புண் ஆறவே ஆறாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

மகள் லீலாவதிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ரவாங்கில் ஒரு பெக்டரியில் வேலை. ஆசைப்பட்ட ஒரு சேலை எடுக்காமல், தோழிகளோடு ஒரு படம் பார்க்காமல் இரண்டு வருஷம் சேர்த்தாள். பழைய தோட்டத்து பங்களாவில் புது ஏர்கோன் மாட்டியபோது, கழற்றிப் போட்டதை வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அன்று சன்னாசி அழுதுவிட்டார். மெஷின் வந்த நேரம், அவர் புண்ணும் மூன்று மாதத்தில் ஆறியது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மெஷினை வடக்குச் சுவரில் மாட்டினார்கள். வடக்கே தலை வைத்து மனுஷனைப் படுக்க வைக்க இராஜம்மா சம்மதிப்பாளா? கட்டிலைத் திருப்பி, தலையைத் தெற்கேயும் காலை வடக்கேயும் வைத்தாள். மெஷினின் பிளக்கும் அந்த வடக்குச் சுவரில்தான், கட்டிலின் கால்மாட்டுக்கு நேரே, மெத்தை உயரத்தில் இருந்தது. குளிர் ஏறக் கூடாது என்று புருஷனின் காலைக் கனமான போர்வையால் மூடி, சுவர் வரைக்கும் இழுத்துச் செருகிவிடுவாள். எல்லாம் அன்புதான்.

நோயாளி அறையில் வாடை அடிக்கக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு கவலை. தினமும் சாயங்காலம் கதவைச் சாத்தி, கரியில் சாம்பிராணி போட்டு, அறை முழுக்கப் புகை பிடிப்பாள். மெஷின் அந்தப் புகையை மடக்கு மடக்காகக் குடித்தது. ஆயுத பூஜை வந்தது. வீட்டில் இருக்கிற ஒரே மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடலாமா? முகப்பில் மூன்று பட்டையாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மாலையும் போட்டாள். சந்தனம் இடுக்குக்குள் வழிந்து காய்ந்தது. உள்ளே தூசி பிடிக்கிற வலை ஒன்று இருக்கிறது, அதைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

சன்னாசிக்கும் வலை தெரியாது. ஆனால் மெஷின் தெரியும். முதல் வாரத்திலேயே மகளிடம் கேட்டு முகப்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்ட வைத்திருந்தார். அன்று அந்த நூல் அவர் முகத்தை நோக்கி நேராகப் பறந்தது. ஆடி மாதம் சரிந்தது. ஆயுத பூஜைக்குப் பிறகு சோம்பலாக ஆடியது. ஐஸ் கட்டத் தொடங்கியபோது தொங்கியே விட்டது. மெஷின் மேல் ஐஸ் ஏற ஏற அறையில் குளிர் குறைந்தது. முன்பு ஓடி ஓய்ந்து ஓடிய மெஷின், இப்போது ஓயாமல் முனகியது. திடீரென்று ஒரு உதறல் உதறி நிற்கும், மறுபடி கிளம்பும்போது ஹாலில் விளக்கு மங்கும். நாளெல்லாம் அதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு இதையெல்லாம் கவனிப்பதைத் தவிர வேறென்ன வேலை?

சொல்லிப் பார்த்தார். இராஜம்மா ஐஸைக் காட்டி, இதைவிட என்ன குளிர்ச்சி வேண்டும் என்று கேட்டாள். படுத்தே கிடக்கிறவருக்கு எதைப் பார்த்தாலும் குறை என்று வந்தவர்கள் சிரித்தார்கள். நான்காவது தடவை சொன்னபோது லீலாவதி எழுந்து பின்பக்கம் போனாள். அவள் கண்ணைத் துடைத்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மகள் வயிற்றைக் கட்டி வாங்கிக் கொடுத்ததில் குற்றம் கண்டுபிடிக்கிறோமே என்று சன்னாசி நினைத்தார். அதோடு வாயை மூடிக்கொண்டார். துரையிடம் பயப்படாத மனிதர் மகளின் கண்ணீருக்குப் பயந்துவிட்டார். அவரை நான் குறை சொல்வேன் என்றால் இந்த ஒன்றுக்காகத்தான்.

ஆனால் பியூஸ் விவகாரத்தில் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பியூஸ் ஒரே வாரத்தில் மூன்று தடவை போனது. இராஜம்மாவின் தம்பி வீரன், லோரி ஓட்டுகிறவன், நல்ல தடித்த செம்புக் கம்பியாகப் பார்த்து முறுக்கி மாட்டினான். இனி ஜென்மத்துக்கும் போகாது என்று கையைத் தட்டிக்கொண்டான். பியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும் என்று சன்னாசிக்குத் தெரியும். ஆலையில் ஒருவன் அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். கம்பியை மாற்றச் சொல்லிக் கெஞ்சினார், யாரும் மாற்றவில்லை. கடைசியில் மகளிடம் ஒரு கயிறு மட்டும் கேட்டார்.

ஆலையில் உருளைகள் நெடுக ஒரு கயிறு ஓடும். யார் கையாவது மாட்டிக்கொண்டால் எங்கே நின்றும் இழுக்கலாம், எல்லாம் நின்றுவிடும். அதேபோல ஒன்று. ஹாலில் வாசலருகே இருந்த பெரிய சுவிட்சின் பிடியில் நைலான் கயிற்றைக் கட்டி, சுவரடியில் ஒரு வளைந்த ஆணிக்குள் நுழைத்து, தரையோடு கொண்டுவந்து கட்டில் சட்டத்தில் முடிந்துவிட்டாள் லீலாவதி. கட்டிலில் இருந்து இழுத்தால் பிடி கீழே இறங்கும், வீட்டில் மின்சாரம் நிற்கும். அப்பாவுக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான் என்று அம்மாவிடம் சொன்னாள்.

தீபாவளி அன்று வீடு கொள்ளாத கூட்டம். பெக்டரித் தோழிகள், அங்கே மெஷின் பழுது பார்க்கிற தேவதாஸ், அண்டை வீட்டுக்காரர்கள். ஹாலில் டிவியில் படம் ஓடியது. குளிர் என்று சொல்லி அறைக்குள்ளும் ஏழெட்டுப் பேர் முறுக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். பண்டிகை நாள் ஆயிற்றே, இராஜம்மா சாம்பிராணியை இரண்டு மடங்கு போட்டிருந்தாள். அந்தப் புகைக்கு அடியில் சன்னாசியின் மூக்கில் ஒரு வாடை ஏறியது. இருபத்து நான்கு வருஷம் ரப்பரிலேயே கிடந்தவருக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒயர் ரப்பர் தீய்கிறது. அவர் யாரையும் கேட்கவில்லை. கயிற்றை இழுத்தார்.

படம் நின்றது. விளக்கு, காற்றாடி, மெஷின் எல்லாம் நின்றன. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இராஜம்மாவுக்கு அவமானத்தில் முகம் கறுத்தது. வீரன் சிரித்துக்கொண்டே பிடியை மேலே தூக்கினான். அது ஏறவில்லை, சன்னாசி கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்துப் பிடித்திருந்தார். வீரன் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். கட்டிலில் இருந்து மனிதர் தொப்பென்று தரையில் விழுந்தார். போர்வை சுற்றியபடி கால் பின்னாலேயே வந்து விழுந்தது.

வீரன் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே நின்றான். லீலாவதி ஓடி வந்து தூக்கப் போனாள். சன்னாசி தரையில் கன்னம் அழுந்திக் கிடந்தபடி, கயிற்றை மட்டும் விடவில்லை.

"என்னத் தூக்காத லீலா. மொதல்ல அந்தப் பிளக்கத் தொட்டுப் பாரும்மா."

தொட்டவள் கையை உதறினாள். பிளக் இளகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேவதாஸ் துணியைச் சுற்றி அதைப் பிடுங்கினான். பக்கத்தில் மாட்டியிருந்த மளிகைக் கடைக் காலண்டரை நகர்த்தினால், பின்னால் பலகைச் சுவர் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுத்து, ஓரத்தில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே பஞ்சு மெத்தை. யாரோ குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். வீரன் வாசற்படியில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

தேவதாஸ் மாலையை எடுத்துவிட்டு மெஷினின் முகப்பைக் கழற்றினான். ஐஸோடு சேர்த்து ஒரு வலையைப் பிய்த்து எடுத்தான். வலை என்று அவன் சொன்னதால்தான் தெரிந்தது. கறுப்புக் கம்பளித் துண்டு மாதிரி இருந்தது, சந்தனமும் சாம்பிராணியும் மணத்தது.

"ஐஸ் கட்டுனா நல்ல குளிருன்னு நெனச்சீங்களா? காத்துப் போக வழியே இல்லலா. அதுக்கு மூச்சு முட்டுது. அப்பா மொதல்லேருந்தே சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றான்.

இராஜம்மா அந்த வலையைக் கையில் வாங்கி, மாறி மாறி அதையும் புருஷனையும் பார்த்தாள்.

இதோடு முடிந்திருந்தால் சன்னாசி ஜெயித்தார் என்று சொல்லிக் கதையை மங்களமாக முடித்துவிடலாம். லீலாவதியும் தேவதாஸுமாக அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். இப்போது அவர் முகத்தில் பழைய இஞ்சின்காரரின் களை வந்திருந்தது. சன்னமாகச் சிரித்துக்கூடச் செய்தார். லீலாவதி காலைச் சரியாக வைக்கப் போர்வையை விலக்கினாள். விலக்கியவள் அப்படியே நின்றாள்.

வலது குதிகால் வெந்திருந்தது. பிளக்கில் சாய்ந்தபடி, போர்வைக்குள், எவ்வளவு நேரமோ தெரியாது. தோல் வழன்று போர்வையோடு போயிருந்தது.

"என்னம்மா? ஏன் பேச மாட்டேங்கிற?" என்று கேட்டார் சன்னாசி. தலையைத் தூக்கிப் பார்க்க முயன்று முடியாமல், மறுபடி கேட்டார். "ரப்பர் வாடையோட வேற ஒரு வாடையும் வந்துச்சு. அது மட்டும் என்னன்னு எனக்குப் புடிபடல."

லீலாவதி அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அது நீங்கதாம்ப்பா" என்றாள்.

புண் ஆறப் பொங்கல் தாண்டிவிட்டது. ஒயரும் பிளக்கும் புதிதாகின, சாம்பிராணி சாமி படத்தோடு நின்றது, மெஷின் இன்னும் பல வருஷம் ஓடியது. கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. தினமும் ரவாங் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன், லீலாவதி காப்பி குடிக்காமல் அறைக்குள் வருவாள். சிவப்பு நூலைப் பார்ப்பாள். உள்ளங்கையைப் பிளக் மேல் வைத்துப் பார்ப்பாள். பிறகு போர்வையை விலக்கி அப்பாவின் இரண்டு காலிலும் வைத்துப் பார்ப்பாள். எல்லாம் சரி என்று அவள் சொல்லும் வரை சன்னாசி கண்ணைத் திறந்து காத்திருப்பார்.