அம்மா கழற்றிவைத்த வேலி

எங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். "அம்மாவப் பத்தி நீயே எழுது" என்று அண்ணன் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். எங்கே தொடங்கினாலும் பேனா எங்கள் வீட்டு முன்வேலியில்தான் போய் நிற்கிறது. அம்மா இருந்தால், "எழுத வேற விஷயமே கிடைக்கலியாக்கும்?" என்று சிரித்திருப்பார்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்த அம்மா கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தார். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் வேலை. மணக்காட்டில் வீடு கட்டியபோது மதிலுக்குப் பதிலாக அப்பா இரும்பு வேலி போட்டார். ஆற்றுகால் பகவதி கோயில் பொங்காலையன்று எங்கள் தெரு முழுக்கப் பெண்கள் செங்கல் அடுக்கிப் பொங்கலிடுவார்கள். முந்தின நாளே வந்து தெருவில் இடம் பிடிக்கும் வெளியூர்ப் பெண்கள் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் எங்கள் சின்ன கேட்டில் முட்டிமோதுவதை அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேலியில் ஒரு பகுதியை அறுத்து, போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொன்னார்.

"வேலி போடுறது திறந்து வைக்கவா?" என்று கேட்டாராம் அப்பா.

"வருஷத்துல ரெண்டு நாள் திறந்தா ஒண்ணும் தேஞ்சுபோகாது."

அப்பா எங்களைச் சீக்கிரமே விட்டுப் போய்விட்டார். அம்மா டைப்பிஸ்ட் வேலைக்குப் போய் எங்களை ஆளாக்கினார். அந்தக் காலத்தில் வீட்டில் பல செலவுகள் நின்றன. வேலி வேலை மட்டும் நிற்கவில்லை. ஐப்பசி மழை ஓய்ந்ததும் அப்பாவின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசி, காய்ந்த பிறகு பச்சை பெயின்ட் அடிப்பார். போல்ட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுவார். துருவுக்கு மேலேயே பெயின்ட் அடித்து மறைக்கும் ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

இதய நோயால் அம்மா படுத்த வருஷம், அவருக்குச் சிரமம் தரக்கூடாதென்று என் கணவரே வேலிக்குப் பெயின்ட் அடித்தார். ஆசை ஆசையாக, நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் சேர்த்து கெட்டியாக அடித்துவிட்டார்! பொங்காலைக்கு முந்தின நாள் காலையில் கழற்றப் போனால் ஒன்றும் அசையவில்லை. தெருவில் செங்கல் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இவர் அறுக்கும் மெஷினை எடுத்துவந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா கையை உயர்த்தினார்.

"அறுக்க வேண்டாம் மாப்பிள்ளை. அறுத்தா இந்த வருஷம் திறக்கும். அடுத்த வருஷம் எப்படிக் கழற்றி மாட்டுவீங்க?"

பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டித் தட்டிக் காத்திருந்தோம். தான் அடுத்த வருஷம் இருக்கமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. சாயங்காலம் கடைசி நட்டு கிறீச்சென்று திரும்பியபோது அம்மா கைதட்டினார். மறுநாள் முழுவதும் வாசலிலேயே உட்கார்ந்து, வந்தவர்களிடம் குழாய் எங்கே, குளியலறை எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்திரையில், தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார்.

இந்த ஆண்டு துக்க வருஷம். எங்கள் வீட்டில் பொங்காலை இல்லை. துக்க வீட்டில் அந்தப் பெண்கள் தண்ணீர் எடுப்பார்களா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. "அவங்க வரட்டும், வராம போகட்டும். திறக்கறது நம்ம வேலை" என்று என் கணவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை போல்ட்டுகள் சுலபமாக வந்தன.

வருஷா வருஷம் வரும் கொட்டாரக்கரைச் சேச்சி குடத்தோடு உள்ளே வந்து, "அம்மயெவிடே மோளே?" என்று அம்மாவைத் தேடினார். சொன்னேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை என்று தெரிந்ததும், "ஈ வீட்டினு வேண்டியும் ஒரு பிடி அரி ஞான் இடாம்" என்று தன் பானையில் எங்களுக்காகவும் ஒரு கைப்பிடி அரிசி போட்டார். பிறகு அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னதும், "இத்ர காலம் வந்நிட்டும் ஞான் பேரு சோதிச்சில்லல்லோ" என்று அழுதுவிட்டார். இத்தனை காலம் வந்தும் பெயரைக் கேட்கவில்லையே என்ற வருத்தம் அவருக்கு.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், ராத்திரி பகல் பாராமல் துணைக்கு வந்த அக்கம்பக்கத்தாருக்கும், திருநெல்வேலியிலிருந்து ஓடிவந்து காரியங்களை நடத்தித் தந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரில் ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். சேச்சி பஸ் ஏறிப் போன பிறகுதான், நானும் அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. முகவரியும் தெரியாது. அடுத்த பொங்காலைக்கு அவர் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.