கேட்கும் காதின் பக்கம்

அறுவைக்கு முன் விளைவுகளை நோயாளியிடமே சொல்ல வேண்டும் என்பது விதி. தீராத தலைசுற்றலுக்காக என் இடது உள்காதில் அறுவை சிகிச்சை செய்த அன்று, எழுத்துகளே சுழன்றதால் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். “சுத்தறது நின்னுடுமாம், போடுங்க” என்றாள் மனைவி.

நின்றது. வயல் வரப்பில் அவள் தோளைப் பிடித்து நடை பழகினேன். இடது காதுதான் கேட்கவில்லை. “வீக்கம் வடியட்டும்” என்றாள்.

சித்திரையில் நடந்த மறுபரிசோதனையில் டாக்டர், “அந்தக் காது கேக்காதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட முன்னாடியே சொன்னேனே, சார்” என்றார்.

டாக்டர்மேல் புகார் எழுதலாம்; அவள்மேல் யாரிடம் எழுதுவது? ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். வரப்பில் தனியாகவே நடக்கத் தொடங்கினேன்.

“சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டீங்க. விழுந்தவரைத் தூக்கித் தூக்கி எனக்கும் முடியலைங்க” என்று, கேட்கும் காதின் பக்கம் வந்து நின்று அவள் பதில் சொன்னது ஆடிப்பெருக்கு அன்று.