ஆய்வேட்டுக்கு ஒரு தோல் அட்டை

ஒரு புத்தகத்துக்கு அட்டை போடுவது அவ்வளவு பெரிய பாடா என்று நீங்கள் கேட்பீர்கள். ஜெர்மனிக்கு வந்து பாருங்கள். என் ஆய்வேட்டை அச்சடித்துக் கட்டித் தர ஒரு கடை தேடி நாயாய் அலைந்தேன். ஒருவன் அடுத்த மாதம் வா என்றான். இன்னொருவன் பசை போட்டு ஒட்டித் தருவதோடு சரி என்றான். வேலூரில் எங்கள் கல்லூரி வாசலில் காலையில் கொடுத்தால் மாலையில் கையில் கிடைக்கும். கறுப்பு ரெக்சின், மேலே தங்க எழுத்து. உலகத்துக்கே தோல் பதனிட்டு அனுப்பியவர்களின் பிள்ளைகளுக்கு ரெக்சின்தான். அன்றைக்கு அது உறைக்கவில்லை.

கடைசியில் அகப்பட்ட கடையில் ஒரு அம்மாள் தோல் துண்டுகளைப் பரப்பினாள். ஒன்றை முகர்ந்து கண்ணை மூடி, என்ன அருமையான வாசனை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசனையாம்! ஆம்பூரிலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் போவேன். பக்கத்தில் உட்காருகிறவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எம்மா, கொஞ்சம் தள்ளி குந்தேன்" என்பாள். அப்பா சட்டை காய்ந்த கொடியில்தான் என் துணியும் காயும். கப்பல் ஏறினால் வாசனை, எங்கள் மேல் இருந்தால் நாற்றம். என்ன நியாயம் இது?

அப்பாவுக்குத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் வேலை. மருந்துத் தண்ணீரில் சுழலும் பெரிய டிரம்களில் தோலை ஏற்றி இறக்க வேண்டும். அவரை வைத்து வீட்டில் ஒரு நிரந்தரக் கேலி உண்டு. அடுப்பில் சோறு தீயும், அவர் பக்கத்திலேயே பேப்பர் படிப்பார்.

"இன்னாங்க, வூடே நாறுது, குந்திகினே இருக்கீங்களே!" என்று அம்மா கத்துவாள்.

"எனக்கு ஒண்ணும் தெர்லயே" என்று அசடு வழிவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த டிரம்களின் கழிவுதான் எங்கள் கிணற்றிலும் இறங்கியது. குடத்தில் மஞ்சளாக நின்ற அந்தத் தண்ணீரைப் பற்றியதுதான் என் ஆய்வேடு. அதற்குப் போய்த் தோல் அட்டையா? துணி அட்டையே போதும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தோல்லயே போடு பாப்பா. காசு ஜாஸ்தின்னா நான் அனுப்புறேன்."

"அந்தத் தோலால நீ பட்டது போதாதாப்பா?"

"நாந்தான பட்டேன்? எவனெவனோ போட்டுகினு திரியறான். நம்ம வூட்ல ஒண்ணு இருக்கட்டுமே."

கோபம் கோபமாக வந்தது, அவர் மேல் இல்லை. ஒரு பிரதிக்கு மட்டும் தோல் போட்டேன்.

போன வாரம் அதை ஊருக்கு எடுத்து வந்தேன். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். ஷூ கம்பெனி பஸ் அதன் மேல்தான் நிற்கிறது. கிணற்றைச் சுற்றி நின்ற தென்னைகளில் ஒன்றுகூட இல்லை.

கடைக்கார அம்மாள் சொன்னதைச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினேன். அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கினார். கட்டை விரலால் அட்டையை அழுத்தி, "ஆட்டுத் தோலு. நல்ல சரக்கு" என்றார். பிறகு முகர்ந்தார். கண்ணை மூடி, அட்டையில் மூக்கு படும்படி வைத்து மறுபடி முகர்ந்தார். மூக்குக்கு ஒரு துணிகூடத் தராமல் அத்தனை வருஷம் அவரை அந்த ஷெட்டில் நிறுத்தினார்கள், பாவிகள்.

புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தார்.

"வாசன நல்லாருக்குதாமே. எப்டி இருக்குது, கொஞ்சம் சொல்லேன்."