சோப்பு வைக்க ஒரு குழி

மாலையில் மில்லிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பின்பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வரும். "வந்துட்டியா? கை குடுடா." குழாயடியில் பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு, எழ முடியாமல் உட்கார்ந்திருப்பாள். இரண்டு கையையும் பிடித்து நான் தூக்கிவிட வேண்டும். தூக்கியதும் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகுதான் நடை வரும். பஸ் தாமதமானால் அதுவரை ஈரத்திலேயே இருப்பாள். அப்பாவால் தூக்க முடியாது. லாரிகளில் மூட்டை ஏற்றி ஏற்றி அவருக்கு இடுப்பு போய்விட்டது.

அம்மாவின் முட்டி போனது களத்தில். புதுவயல் அரிசி மில்களில் அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி, வெயிலில் அதற்குள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கிளறிவிடுவார்கள். அந்த நடைதான் என்னைப் படிக்க வைத்தது. இப்போது அதே ஊரில் இன்னொரு மில்லின் ஆபீசில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லாரி லோடுகளைப் பதிகிறேன். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள். எனக்கும் கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது. ஆனால் இந்த இரண்டு பேருக்கும் முன்னால் அதைச் சொல்ல வாய் வராது.

தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னார். பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். ஈரத்தில் அது வழுக்கி, ஒருநாள் அம்மா சரிந்துவிட்டாள். பெரிதாக அடியில்லை. பயம்தான் பெரிது. அதன்பிறகு ஸ்டூல் என்றாலே வேண்டாம் என்றாள். கனமாக, அசையாத மாதிரி, தாழ்வாக ஒன்று வேண்டும். பட்டறையில் சொன்னால் செய்து கொடுத்திருப்பார்கள். ஆனால் நாள் முழுக்கத் திரையில் எண்களை அடித்துவிட்டு வருகிற எனக்கு, கையால் தொட்டுப் பார்க்கிற ஒரு பொருளைச் செய்துவிட வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே ஆசை. வெல்டிங் வீடியோவும் தச்சு வேலை வீடியோவும் பார்த்தபடிதான் பஸ்ஸில் வருவேன். ஒரு கையில் தூக்கக்கூடிய சின்ன வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ராடை இரும்பில் வைத்ததும் வீட்டில் ஃபேன் சோர்ந்து சுற்றியது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"மதினி, உங்க வீட்டுல என்ன மின்னல் வெட்டுது? எங்க மிக்ஸி நின்னுபோச்சு. சட்னி பாதியில கெடக்கு."

"அவன்தான் ஏதோ பத்த வைக்கிறான்."

"தம்பி மில்லு வேலைய விட்ருச்சா? நீங்க ஒரு வார்த்த சொல்லலையே."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "அதெல்லாம் இல்ல. ஆபீசுலதான் இருக்கான். இது சும்மா."

'எனது பொழுதுபோக்கு' என்று பள்ளிக்கூடத்தில் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியவன் நான். வீட்டில் அதற்கு இருந்த ஒரே சொல் 'சும்மா'. கூலி வராத எந்த வேலையும் சும்மாதான். அப்பா கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "நீயாவது சும்மா இருக்கணும்னுதானேடா படிக்க வச்சோம். அதுகூட இருக்க மாட்டேங்கிற."

அன்று முகமூடி இல்லை. கூலிங் கிளாஸ் போதும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல இருந்தது. ஆபீசில் தண்ணீர் கொட்டக் கொட்டத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, பொண்ணு வீட்டுல முடியாதுன்னுட்டாகளா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். சாயங்காலம் அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி என் கண்ணில் வைத்தாள். அதற்கு முன்னால், கண்ணைப் பாதி திறந்தபடி நான் அவளைத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

முகமூடி வாங்கினேன். அதன்பிறகும் ஞாயிறுகள் போய்க்கொண்டே இருந்தன. ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் பைப்பில் ஓட்டை விழும். பற்ற வைத்த இடமெல்லாம் காக்கை எச்சம் போல இருந்தது. தட்டிப் பார்த்தால் உதிரும். வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வை இப்படித் தொலைக்க வேண்டுமா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தோன்றும். மறுநாள் காலையில் போய் மறுபடி உட்காருவேன். ஒருவழியாக நான்கு காலும், மேலே சட்டமும், நடுவில் குறுக்குக் கம்பியுமாக ஒன்று நின்றது. ஏறி நின்று பார்த்தேன். தாங்கியது.

உட்காரும் பலகைக்குக் காரைக்குடிக்குப் போனேன். இடித்த வீடுகளின் கதவும் தூணும் விற்கிற கடை. "இங்குட்டு இருக்கறதெல்லாம் வெலை கூட தம்பி. அங்குட்டு ஓரமா துண்டு துக்கடா கெடக்கும், பாருங்க" என்றார் கடைக்காரர். கறுத்துப் போன ஒரு கனத்த பலகையை எடுத்தேன். "பர்மாத் தேக்கு. உங்க பேரன் வரைக்கும் உக்காரலாம்" என்றார். அதன் ஒரு முனையில் உருண்டையாக ஒரு பள்ளம் இருந்தது. யாரோ அளவெடுத்துக் குடைந்த மாதிரி. பாத்திரம் தேய்க்கிற சோப்பை வைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இழைப்புளியைத் தள்ளத் தள்ளக் கறுப்புப் போய் உள்ளே தேன் நிறம் வந்தது. அத்தனை ஞாயிறுகளில் அந்த ஒரு மணி நேரம்தான் களைப்புத் தெரியவில்லை. குழியைத் தொடவில்லை. சட்டத்தில் பலகையை முடுக்கி, குழாயடியில் வைத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"உக்காந்து பாரும்மா. சோப்பு வைக்கக் குழிகூட இருக்கு."

அவள் உட்காரவில்லை. குழிக்குள் விரலை விட்டுச் சுரண்டினாள். நகத்தில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது.

"டேய், இது குடுமிக்குழிடா. கதவு சுத்துற குழி. நிலைப்படிக் கட்டையையா வாங்கிட்டு வந்த?"

பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் அடியிலுள்ள குடுமி, வாசல்படியில் குடைந்த குழிக்குள் நின்று சுழலும். அந்தப் படிக்கு வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். படியில் உட்காரக் கூடாது என்று சின்ன வயதில் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுப் படி சிமெண்டு. மரப்படியை நான் பக்கத்தில் பார்த்ததே இல்லை.

"இழைச்சாச்சும்மா. இப்ப அது வெறும் மரம்."

"உனக்கு வெறும் மரம். எந்த ஆச்சி மஞ்சப் பூசுன படியோ, அதுல நான் குண்டிய வச்சு உக்காரவா? இதுல சோப்பு வேற வைக்கணுமாம், சோப்பு!"

பேசிக்கொண்டே சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, தரையிலேயே உட்கார்ந்து பாத்திரத்தை இழுத்துக்கொண்டாள். பலகையைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் "கை குடுடா" என்றாள். அன்றைக்கு அவள் ரொம்பக் கனத்தாள்.

ஒரு வாரம் வெறும் சட்டம் குழாயடியில் நின்றது. இனி இதைத் தொடுவதில்லை என்றிருந்தேன். அடுத்த ஞாயிறு அம்மா அப்பாவிடம் சாக்கும் கோணி ஊசியும் கொடுத்தாள். "நாலா மடிச்சு இந்தக் கம்பியில சுத்தித் தைங்க. களத்துல சாக்குலதானே உக்காந்து கஞ்சி குடிச்சேன். அது போதும்."

"தேக்குல உக்கார வேண்டியவ, சாக்கு கேக்குறா" என்றார் அப்பா.

"வாய மூடிக்கிட்டுத் தைங்க."

தைத்து முடித்ததும், என் தோளை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். சட்டத்தின் நான்கு காலில் ஒன்று தரையில் படவில்லை. நான் அளந்த லட்சணம் அது. சட்டம் 'டக்' என்று ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அவள் விரல்கள் என் தோளுக்குள் இறங்கின. பிறகு, மெல்ல விட்டாள். அப்பா ஒரு ஓட்டுத்துண்டை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் செருகினார்.

பலகை வாசலுக்கு உள்பக்கம் சுவரில் சாய்ந்து நிற்கிறது. எங்கும் பொருத்தவில்லை. வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பொட்டு விழுகிறது. சாயங்காலம் அதை ஒதுங்கித் தாண்டி உள்ளே வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுகிறேன். ஓட்டுத்துண்டு நழுவிவிட்டது போலிருக்கிறது. பின்பக்கம் 'டக்' என்று கேட்கிறது. எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். நான் எழ வேண்டியதில்லை.