பெட்டியா, ஆம்ப்ளிஃபயரா

எங்கள் வீட்டுப் பாட்டுச் செட்டில் சலங்கைச் சத்தம் மங்கிக்கொண்டே வருவதாக எனக்குப் பட்டது. கீச்சொலியைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கடைசிவரை கொண்டுபோயிருந்தேன். அதற்குமேல் திரும்ப இடமில்லை. ஏதோ ஒன்றை மாற்றியாக வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிகளையா, ஆம்ப்ளிஃபயரையா?

எனக்கு இதில் அவசரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் நானும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது கல்யாணமான புதிதிலிருந்தே வழக்கம். இப்போதெல்லாம் முதல் பாட்டிலேயே எழுந்து, பின்பக்கம் மல்லாட்டைக் கடலை உரிக்கப் போய்விடுகிறாள். கேட்டால், "காதுல ஊசி வெச்சுக் குத்துற மாரி கீதுங்க. நீங்களே கேட்டுக்கினு இருங்க" என்பாள். மங்கலாகக் கேட்கிற செட் எப்படிக் குத்தும்? அவளுக்கு அலுத்துவிட்டது, நல்ல பெட்டி வந்தால் திரும்பி வருவாள் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அந்தச் செட்டை எங்களுக்குப் பொருத்திக் கொடுத்தவர் கடை திண்டிவனத்தில். விழுப்புரத்தில் பஸ் ஏறி, ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டேன். மனைவியும் கூடவே ஏறினாள். "நான் வரலைன்னா கடையையே தூக்கிக்கினு வந்துடுவீங்க."

கடைக்காரர் குமிழைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னாண்ணா, இப்புடி முறுக்கி வெச்சிருக்கீங்க? காக்காகூட வீட்டாண்ட வராதே!"

குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, தன் கடைப் பெட்டிகளில் இணைத்து, சலங்கை வருகிற ஒரு பாட்டைப் போட்டார்.

"உங்க பெட்டியும் டல்லுதான்" என்றேன்.

"ஜல்ஜல்னு வருதுங்களே!" என்றாள் மனைவி.

வேறு பெட்டி மாற்றினார். பிறகு வேறு ஆம்ப்ளிஃபயர். ஒவ்வொன்றுக்கும் நான் உதட்டைப் பிதுக்கினேன், அவள் தலையாட்டினாள். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் செவுத்தப் பாத்து நில்லுங்க. சலங்கை வர்றப்பல்லாம் கையத் தூக்குங்க."

நின்றோம். நான் காத்துக்கொண்டே இருந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால், பக்கத்தில் வளையல் கை நாலைந்து தடவை ஏறி இறங்கிவிட்டது.

"அண்ணா, உங்க செட்டு நல்லாத்தான் கீது... வந்து..." என்று இழுத்தார் கடைக்காரர்.

"அத சொல்றதுக்கு ஏன் தம்பி முழுங்குற? இவரு காதுதான்" என்றாள் மனைவி. "இத்தினி நாளா இவரு காதுக்குப் போட வேண்டிய மருந்த என் காதுல ஊத்திக்கினு இருந்துக்கிறாரு."

மூவரும் சிரித்தோம். எனக்குள் ஒரு நிமிஷம் சுருக்கென்றது உண்மை. ஆனாலும் விஷயம் தெளிந்துவிட்டதே. மாற்ற வேண்டியது பெட்டியும் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் இல்லை. அதே ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பி, மறுநாளே காது டாக்டரிடம் போனேன். வயசான காதுதான், மிஷின் வைத்தால் சரியாகும் என்றார். வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இனி யார் வந்து எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டாலும், முதலில் வீட்டிலிருக்கிற எல்லார் காதையும் கேளுங்கள் என்பேன்.

மிஷின் வருவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. குமிழை அவளிடமே விட்டேன். தனக்குத் தோதாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு முடிந்தது. எழுந்திருப்பாளோ என்று பார்த்தபடி இருந்தேன்.

"அடுத்தத போடுங்க. இன்னாத்துக்கு என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறீங்க?" என்றாள்.