நாங்கள் என்றுதான் எழுதியிருந்தேன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நாள், 2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. இடம், விருதுநகரில் எங்கள் நாடகக் குழு ஒத்திகைக்காக வாடகைக்கு எடுத்திருந்த பழைய திருமண மண்டபம். "கிழவருக்குக் காது மந்தம்" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசித் திரிகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். மதுரைக்குச் சென்று இரு செவிகளையும் சோதித்துக்கொண்டேன். குறையேதும் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்று என் மேசையில் இருக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து பிறர் பிழைகளைத் திருத்தியவன் நான். செல்வநாயகம் என்ற என் பெயரைப் போட்டு ஒரு பொய்யை எழுத மாட்டேன்.

எங்கள் குழுவில் ஐந்து பெண்கள். ஜாஸ்பின் செவிலியர். இருவர் பள்ளி ஆசிரியைகள். ஓவியாவும் அவள் தோழியும் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்பவர்கள். தீபாவளி சீசனில் இவர்களுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. ஆகவே ஒத்திகையும் ஞாயிறு மாலைதான். நாடகத்தை எழுதுவதும், மேடையின் பக்கவாட்டில் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பதும் என் வேலை. பிழையாகச் சொன்னால் அங்கிருந்தபடியே திருத்துவேன். "சார் காப்பி கேட்டாக்கூட ஒத்தெழுத்து விட்டுப்போகாமத்தான் கேப்பாக" என்று ஓவியா கேலி செய்வாள்.

அந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட நாடகத்துக்கு ஒரு செய்தித்தாளே காரணம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், விஸ்வநத்தம் அருகே ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் அறை வெடித்தது. மறுநாள் செய்தித்தாளில் "ஐந்து பெண்கள் பலியானது" என்று போட்டிருந்தார்கள். மாடுகளுக்குக்கூடப் 'பலியாயின' என்று பன்மை வரும். எரிந்து இறந்த பெண்களுக்கு உயர்திணையும் இல்லை, பன்மையும் இல்லை. அந்தச் சினம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அறையில் அன்று வேலை செய்தவர்கள் ஆறு பேர். ஆறாமவர் ஓவியாவின் தாய் மாடத்தி. அவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில் அறை வெடித்தது. அன்று முதல் அவர் அழவும் இல்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஒரு கைப்பிடிச் சோறுதான் உணவு. உடம்பு உருகிக்கொண்டே போயிற்று. "ஒரு தடவ மேடையில நின்னு வாய்விட்டு அழுதுட்டா அம்மா பொழச்சுக்கிரும் சார். இல்லேன்னா எனக்கு அம்மா இல்ல" என்று ஓவியா கேட்டாள். அவளுக்காகவே கடைசிக் காட்சியை எழுதினேன். ஐவரும் தரையில் வரிசையாக அமர்ந்து, "நாங்கள் ஐந்து பேர்" என்று சொல்ல வேண்டும். பார்வையாளரிடையிலிருந்து மாடத்தி எழுந்து, "நான் மாடத்தி. உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவே.

இரண்டு முறை வீட்டுக்குச் சென்று அழைத்தேன். மறுத்துவிட்டார்.

"நான் பேசுனா அவளுக காதுல விழும் சார்."

அக்கம்பக்கத்துப் பெண்களைச் சொல்கிறார் என்று நினைத்தேன். விழட்டும், அதற்குத்தானே நாடகம் என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது, ஓவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மாலை 4.10க்கு ஒத்திகை தொடங்கியது. மாடத்தி முன் வரிசை நாற்காலியில் தனியாக அமர்ந்தார். மேடையில் ஐவரும் வரிசையாக அமர்ந்தபோது, மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் இடையே ஓர் ஆள் அமரும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நெருங்கி அமரச் சொன்னேன். நெருங்கினார்கள். காட்சியை மீண்டும் தொடங்கினோம். அதே இடத்தில் அதே இடைவெளி. "நாங்க நகரவே இல்ல சார்" என்றார் ஜாஸ்பின்.

5.15. மாடத்தியைப் பார்த்தேன். அவருடைய விரல்கள் மடியில் வேகமாக அசைந்துகொண்டிருந்தன. எதையோ எடுப்பதும் அடைப்பதும் வைப்பதுமாக… கண்கள் மட்டும் அந்த இடைவெளியை விட்டு விலகவில்லை.

5.42. மேடையில் ஓர் அலுமினியக் குடம் இருந்தது. வெறுங்குடம். மின்கம்பிகள் கிடக்கும் மேடையில் தண்ணீர் வைக்க நான் விடுவதில்லை. அதிலிருந்து ஓசை வந்தது. டொளக்… டொளக்… யாரோ சாய்த்துக் குடிப்பது போல.

குடம் அசையவில்லை.

5.44. "நாங்கள் ஐந்து பேர்" வரவேண்டிய இடம். குரல் வந்தது. தெளிவாக, மிக அருகில்.

"நாம ஆறு பேரு."

ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள். எனக்குச் சினம் தலைக்கேறியது. யார் சொன்னது என்றுகூடக் கேளாமல், படுதாவுக்குப் பின்னால் நின்றபடியே இலக்கணம் சொன்னேன். 'நாங்கள்' என்றால் கேட்பவரை விலக்கும். 'நாம்' என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். எதிரே அமர்ந்திருப்பவரையும் சேர்த்தால் கணக்கு ஆறாகிவிடும் என்று நானே எண்ணியும் காட்டினேன்.

அதே குரல் மீண்டும் வந்தது.

"சேத்துத்தான் சொல்றோம் சார்."



படுதாவின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். ஐவரின் உதடுகளும் மூடியிருந்தன.

மாடத்தி எழுந்தார்.

மேடையேறினார்.

இடைவெளியில் அமர்ந்தார்.

"தள்ளி உக்காருங்கடி" என்றார். இருபுறமும் இருந்த ஆசிரியைகளை அவர் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

பிறகு… சிரித்தார்.

5.47.

ஒத்திகையை அத்துடன் முடித்தேன். காரணம் சொல்லவில்லை. இரவு 8.20க்கு ஓவியா தொலைபேசியில் அழைத்தாள். அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகவும், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு சிரித்துப் பேசுவதாகவும் சொல்லி அழுதாள். "இருக்கன்குடி மாரிக்கு உங்க பேர்ல நேந்துருக்கேன் சார்" என்றாள்.

மறுநாள் காலை 6.35க்கு அடுத்த அழைப்பு. மாடத்தி வீட்டில் இல்லை. தேடிச் சென்றவர்கள் அவரைக் கண்டது, ஒன்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் அந்த ஆலையில். கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் அந்த அறையில். வேலைக்கு அமர்ந்தவரைப் போலச் சம்மணமிட்டு, சுவரில் சாய்ந்திருந்தாராம். உயிர் இல்லை. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. மாரடைப்பு என்றார்கள். நாடகம் மேடையேறவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஓவியாவிடம் கேட்டேன். அன்று 'நாம' என்று சொன்னது உங்களில் யார்? கண்டிப்பதற்காகக் கேட்கவில்லை.



"நாங்க யாரும் சொல்லல சார். படுதாவுக்குப் பின்னால நின்னு நீங்கதான் ரெண்டு குரல்ல பேசுனீக. தப்பு இது, சரி இதுன்னு நடிச்சுக் காட்டுறீகன்னு நெனச்சோம். பொம்பளக் குரல் அம்புட்டுப் பொருத்தமா இருந்துச்சு. நாங்க அஞ்சு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோமே சார்…"

மற்ற நால்வரையும் தனித்தனியே கேட்டேன். ஒரு சொல்லும் மாறவில்லை.

அன்று அந்த மண்டபத்தில் மாடத்தியைத் தவிர வேறு எவரும் சிரிக்க நான் கேட்கவில்லை. நான் எட்டிப் பார்த்த ஐந்து முகங்களிலும் வாய் மூடித்தான் இருந்தது.