டீல தொட்டுக் குடுத்த பன்னு

இத எழுதவே வாணாம்னுதான் இருந்தேன். எட்டாவதோட ஸ்கூலுக்கு டாட்டா காட்டுனவனுக்கு இன்னாத்துக்கு பேனா? ஆனா ஆபரேஷன் தியேட்டர் வேலைக்குப் புதுசா வர்ற பசங்க, ஆபரேஷன்னா கத்தி மட்டுந்தான் டேஞ்சர்னு நெனச்சிக்கினு இருக்கானுங்க. அவனுங்களுக்காக எழுதறேன்.

அப்ப கும்மிடிப்பூண்டில ஒரு சின்ன ஆஸ்பத்திரில நான் தியேட்டர் பாய். பேஷண்ட்ட தள்ளிக்கினு போவணும், சி-ஆர்ம் மிஷின உருட்டியாந்து நிறுத்தணும். எலும்ப அப்படியே டிவில காட்டற எக்ஸ்ரே மிஷின் அது.

பழவேற்காட்டுலர்ந்து நஸ்ரின்னு ஒரு சின்ன பொண்ணு வந்துச்சி. ஒரே கை, ஒரே எடத்துல ரெண்டு வாட்டி ஒடஞ்சிருக்கு. ரெண்டாவது வாட்டி சும்மா பந்து எறிஞ்சதுக்கே! தோளுக்குக் கீழ எலும்புக்குள்ள தண்ணி கோத்துக்கினு ஒரு பை, சிஸ்ட். கேன்சர்லாம் இல்ல. கிழிக்கவும் வாணாம். மயக்கம் குடுத்து, சி-ஆர்ம்ல பாத்துக்கினே ஊசி உட்டு, தண்ணிய இழுத்துட்டு மருந்து ஏத்தணும். அப்படியே வுட்டா மறுபடியும் ஒடையும். அதுக்குன்னே மெட்ராஸ்லர்ந்து எலும்பு டாக்டர் வந்திருந்தாரு.

மயக்கம் குடுக்கணும்னா வயிறு காலியா இருக்கணும். "எதுனா சாப்ட்டாளா?"ன்னு சிஸ்டர் கேட்டாங்க. "இல்லம்மா"ன்னாரு அவ வாப்பா.

தள்ளிக்கினு போறேன், புள்ள ஓன்னு அழுவுது. நம்ம வாய் சும்மா இருக்குமா?

"இன்னா மேடம், இவ்ளோ சவுண்டு? கார்த்தால பிரியாணி ஒரு கட்டு கட்னீங்களா?"

"பிரியாணி இல்ல. பன்னு. வாப்பா டீல தொட்டுக் குடுத்தாங்க."

"எப்பம்மா?"

"இப்பதான், வெளிய கடைல."

ஸ்ட்ரெச்சர அங்கயே நிறுத்திட்டு மயக்க டாக்டரம்மாகிட்ட ஓடுனேன். அவங்க வெளிய வந்து கேட்டா, வாப்பா எகிறுறாரு.

"சோறு குடுக்காதன்னுதானே சொன்னீங்க? பன்னு சோறா? பசில அழுவுற புள்ளய பாத்துக்கினு நிக்கவா?"

"பாய், மயக்கத்துல வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள பூந்துச்சின்னா, புள்ள உயிரோட வெளிய வராது."

அவரு அப்படியே செவுத்த புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு. மெட்ராஸ் டாக்டர் திட்டல. "வயிறு காலியாவட்டும், சாய்ந்தரம் வரைக்கும் இருக்கேன். தண்ணி கூட குடுக்காதீங்க"ன்னாரு.

அந்த பகல் இருக்கே, செம பேஜாரு. புள்ள தண்ணி கேக்குது, வாப்பா மூஞ்ச திருப்பிக்கினு அழுவுறாரு. கிளவுஸ ஊதி ஊதி கோழி, மாடுன்னு நான் வித்த காட்டிக்கினு கெடந்தேன்.

சாய்ந்தரம் உள்ள தள்ளுனோம். டிவில ஊசி மொன எலும்புக்குள்ள போச்சி. மஞ்சத் தண்ணி சிரிஞ்சில ஏறுச்சி. மருந்து எறங்குச்சி. டாக்டரம்மா புள்ளயோட மூச்ச மட்டும் பாத்துக்கினு இருந்தாங்க, நான் அவங்க மூஞ்ச மட்டும். கடைசில கைல ஒரு சின்ன பிளாஸ்திரி, அவ்ளோதான். புள்ள கண்ண தொறந்து, "நீ போ"ன்னு என்ன தொரத்துச்சி. அப்பதான் எனுக்கு உசுரே வந்துச்சி.

அதனால பசங்களா, "சாப்ட்டாளா"ன்னு பெத்தவங்கள கேட்டுட்டு வுட்றாதீங்க. டீ, பன்னு, பிஸ்கோத்துன்னு ஒண்ணொண்ணா பேர் சொல்லி கேளுங்க. புள்ளயயும் கேளுங்க.

அன்னிக்கி வெளிய வந்து, ஆம்புலன்ஸ் ஓட்டற என் தோஸ்து சேகர்கிட்ட, "மச்சான், நான் பாட்டுக்கு வாய மூடிக்கினு தள்ளிக்கினு போயிருந்தன்னா?"ன்னு கேட்டேன்.

"நீயாவது, வாய மூடறதாவது"ன்னான்.